பாவமன்னிப்பும் பத்திர எழுத்தரும்

1552ஆம் ஆண்டில் ஸ்பெயினின் செவில் நகரத்தில், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமாருக்கென்று ஒரு சிறு நூல் அச்சாகி வெளிவந்தது. பன்னிரண்டு விதிகளைக் கொண்ட அந்த நூல், அமெரிக்க நாடுகளை வாள்கொண்டு பிடித்த ஸ்பானியர் ஒருவர் மரணப்படுக்கையில் கிடந்து பாவமன்னிப்புக் கேட்டால் குருவானவர் என்ன செய்ய வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறது. அவருடைய பாவங்களைக் கேட்பதற்கு முன்பே ஒரு பத்திர எழுத்தரை வரவழைக்க வேண்டும்; தம் சொத்து முழுவதையும் பறிகொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரத்தை அந்தக் குருவானவருக்கு அளிப்பதாக நோயாளி முறைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும்; அடிமைகளாக வைத்திருப்பவர்களை உடனே விடுவித்து, அவர்கள் உழைத்த காலத்துக்கான கூலியையும் கொடுக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் அவருடைய வாயிலிருந்து பாவ அறிக்கை வரலாம்.

இதை எழுதியவர் பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் என்ற தொமினிக்கன் சபைத் துறவி. மெக்சிகோவின் தென்கோடியிலுள்ள சியாப்பாஸ் பகுதிக்கு ஆயராக இருந்தவர். மனந்திரும்புதலைப்பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன், பக்தி நூல்களும் வாசித்திருக்கிறேன். கண்ணீரைப்பற்றியும் நொறுங்குண்ட இருதயத்தைப்பற்றியும் அவை சொல்லாதது எதுவும் இல்லை. ஆனால் மனந்திரும்புகிறவனுடைய தலைமாட்டில் ஒரு பத்திர எழுத்தரைக் கொண்டுவந்து உட்கார வைத்தவர், நான் அறிந்தவரையில் இவர் ஒருவர்தான்.

இவருக்கு இந்த எண்ணம் புத்தகப் படிப்பினால் மட்டும் வந்ததன்று. 1502இல் கரீபியக் கடலிலுள்ள இஸ்பானியோலா தீவுக்குப் போய்ச் சேர்ந்தவர், குருப்பட்டம் பெற்ற பிறகும்கூட மற்ற ஸ்பானியரைப்போலவே பூர்வகுடிகளை வைத்து வேலை வாங்கிப் பொருள் சேர்த்துக்கொண்டிருந்தார். எங்கோமியெண்டா என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். ஓர் ஊரின் மக்களை ஒரு ஸ்பானியர் வசம் ஒப்படைப்பார்கள். அவர்கள் அவருக்கு உழைக்க வேண்டும், அவர் அவர்களுக்கு விசுவாசம் கற்பிக்க வேண்டும். உழைப்பு நடந்தது, கற்பித்தல் பெரும்பாலும் நடக்கவில்லை. 1511ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிறன்று, அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்ற துறவி அந்தத் தீவின் ஆலயத்தில் எழுந்து நின்று, நீங்கள் எல்லாரும் சாவான பாவத்தில் இருக்கிறீர்கள் என்று குடியேறிகளின் முகத்துக்கு நேரே சொன்னார். ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் லாஸ் காசாசும் ஒரு தொமினிக்கன் துறவியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பூர்வகுடிகளை வைத்திருக்கிற உமக்குப் பாவமன்னிப்புத் தர மாட்டேன் என்று அந்தத் துறவி மறுத்துவிட்டார். மறுக்கப்பட்டதை அவரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கு அவர் வாதாடினாரே தவிர மனம் மாறவில்லை. மாறியது 1514இல், கியூபாவில், பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு வேத வசனங்களை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தபோதுதான்.

அவர் கண்ணில் பட்டது சீராக்கின் ஞானம் 34ஆம் அதிகாரம். நம்மைப் போன்ற சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்தில் அந்த நூல் இல்லை. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இருக்கிறது, வாங்கிப் படிப்பதில் ஒரு குறையும் வந்துவிடாது. அநியாயமாய்ச் சேர்த்ததிலிருந்து செலுத்தும் காணிக்கை தேவனுக்கு ஏற்காது என்றும், ஏழையின் பொருளிலிருந்து பலி செலுத்துகிறவன் தகப்பன் கண்முன்னே மகனைக் கொல்லுகிறவனுக்கு ஒப்பாவான் என்றும், கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைப்பவன் இரத்தம் சிந்துகிறவன் என்றும் அது சொல்லுகிறது. சில நாள் அதையே யோசித்தவர், ஆளுநர் வெலாஸ்கெசிடம் போய்த் தம் வசமிருந்த மக்களை விட்டுவிடுவதாக அறிவித்தார். அந்த ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பிரசங்கத்தில் அதையே வெளிப்படையாகவும் சொன்னார்.

இந்த இடத்தில் அவரைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட என்னால் முடியவில்லை. அவர் ஒப்படைத்தது ஆளுநரிடம்; அந்த மக்களிடமல்ல. அவர்கள் வேறொரு ஸ்பானியரின் கைக்குப் போய்ச் சாகும்வரை வேலை செய்வார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் மட்டும் வைத்துக்கொண்டே பிரசங்கித்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவருடைய நியாயம். அந்த நியாயத்தில் உண்மையும் உண்டு, ஆறாத ஓர் உறுத்தலும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறகு அவர் வகுத்த விதிகள் அத்தனை கண்டிப்பாக அமைந்ததற்கு, தம்முடைய முதல் மனந்திரும்புதல் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுக்குப் போய்ச் சேராதது ஒரு காரணமாக இருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு.

1545இல் ஆயராக, சியாப்பாசிலுள்ள சியுதாத் ரெயால் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார். தபசு காலம். பெரிய வியாழனுக்கும் உயிர்த்தெழுந்த பண்டிகைக்கும் நற்கருணை வாங்க வேண்டுமானால் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். ஆயர் ஏறக்குறைய எல்லாக் குருமாரிடமிருந்தும் பாவமன்னிப்பு வழங்கும் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அடிமைகளை வைத்திருப்போரின் காரியங்களைத் தமக்கென்று ஒதுக்கி வைத்தார். பட்டணம் கொதித்தது. ஆலயத்தின் தலைமைக் குருவே ஆயரின் கட்டளையை மீறி மன்னிப்பு வழங்க, அவரைப் பிடித்துவர ஆள் அனுப்பியபோது மக்கள் ஆயுதங்களுடன் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே ஆயர் அந்த ஊரைவிட்டுப் புறப்பட்டார். 1547இல் ஸ்பெயினுக்குத் திரும்பினார். விதிகளின் கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டி அனுப்பும்படி 1548இல் அரச ஆணையும் பிறந்தது. மன்னிப்பை இலவசமாய்க் கொடு என்று கேட்டு ஒரு பட்டணமே கலகம் செய்த கதை இது. திருப்பிக் கொடு என்ற சொல் வராதவரைக்கும் அவர்களில் ஒருவருக்கும் மனந்திரும்புவதில் ஆட்சேபம் இருக்கவில்லை.

இதைக் கேட்கும் நம்மவர்கள் உடனே எழுப்பும் தடை எனக்குத் தெரியும். இது கிரியையினால் வரும் இரட்சிப்பு அல்லவா, 1517இல் லூத்தர் இதைத்தானே எதிர்த்தார் என்பார்கள். லூத்தர் எதிர்த்தது பாவத்தின் தண்டனையைப் பணம் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம் என்ற வியாபாரத்தை. அவருடைய தொண்ணூற்றைந்து கருத்துரைகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்கிறது. மூன்றாவது, வெளியே ஒரு பலனையும் விளைவிக்காத உள்ளான மனந்திரும்புதல் ஒன்றுமேயில்லை என்கிறது. தேவனுக்கு விலை கொடுப்பது வேறு, அயலானுக்கு அவனுடைய பொருளைக் கொடுப்பது வேறு. முன்னதை வேண்டாமென்று தள்ளிய கையோடு பின்னதையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம் என்பதுதான் நம் சபைகளின் நிலைமை. லூத்தருக்கும் லாஸ் காசாசுக்கும் வெகு காலத்துக்கு முன்பே, ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன், மக்கெதோனியுஸ் என்ற அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் இதைத் தெளிவாக்கியிருக்கிறார்: திருப்பிக் கொடுக்கக்கூடிய பிறர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவன் மனம் வருந்துகிறான் என்றால், அது நடிப்பு.

லூக்கா 19இல், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய சகேயுவை எடுத்துக்கொள்வோம்; வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவன் அவன். ஓய்வுநாள் பள்ளியில் காட்டத்தி மரத்தோடு அந்தக் கதை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னது எந்த நிபந்தனையும் இல்லாமல். கிருபை முன்னே வந்துவிட்டது. அதன்பின் அவன் எழுந்து நின்று சொல்வது ஒரு கணக்கு. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாகத் திரும்ப. தானாக முன்வந்து குற்றத்தை அறிக்கையிடுகிறவன் முதலோடே ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தின் பிரமாணம். ஆட்டைத் திருடி அடித்தவனோ விற்றவனோதான் ஒன்றுக்கு நான்கு கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமம் 22. சகேயு, உத்தியோகத்தில் இருந்த தன்னை ஒரு திருடனுக்கான சட்டத்தின்கீழ் கொண்டுவந்து நிறுத்துகிறான். பென்சிலை எடுத்துக் கூட்டிப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும்: பாதியை ஏழைகளுக்குக் கொடுத்த பிறகு மிச்சப் பாதியிலிருந்து நாலத்தனை கொடுக்க வேண்டுமானால், அவன் சொத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அநியாயமாய் வந்ததாக இருந்தாலே அவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆயக்காரரின் தலைவன் ஒருவனிடம் எட்டில் ஒரு பங்குதான் அப்படி வந்திருக்குமா? இந்தக் கணக்கை அவன் சொன்ன பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற வார்த்தை வருகிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு பெரியவர் சாட்சி சொன்னார். வாலிப நாட்களின் பாவங்களையும், உடன்பிறந்தவர்களுக்குச் செய்த துரோகங்களையும் பொதுவாகச் சொல்லி அவர் அழுதபோது கூட்டமும் சேர்ந்து அழுதது. அந்த உடன்பிறந்தவர்களில் ஒருவரான தங்கை, பெண்கள் பக்கத்தில் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். தகப்பனார் இறந்த சில மாதங்களில், வங்கிக் கடனுக்கான தாள் என்று நம்பி அவர் கையெழுத்திட்டது, தென்னந்தோப்பில் தம் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். பட்டா இன்றும் அண்ணன் பெயரில்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் சபையின் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, அண்ணனே இவ்வளவு அழுதுட்டாங்க, இனி நீங்களும் மனசுல வச்சுக்காம மன்னிச்சிருங்க” என்றார். அதற்கு அந்த அம்மாள், “அவங்க அழுதது கர்த்தர்கிட்ட. கையெழுத்து வாங்குனது என்கிட்ட” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தார். மன்னிக்காத வேலைக்காரன் என்ற பட்டம் அன்று மாலையே அவருக்குக் கிடைத்துவிட்டது.

அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் மத்தேயு 18ஆம் அதிகாரத்தை நடுவிலிருந்து வாசித்தவர்கள். அதன் 15ஆம் வசனம், குற்றம் செய்தவனிடத்தில் தனித்துப் போய் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்தச் சொல்லுகிறது. கேளாமற்போனால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுகிறது. அதற்கும் கேளாமற்போனால் சபைக்குத் தெரியப்படுத்தச் சொல்லுகிறது. இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த பேதுருதான், எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறான். லூக்கா 17இல் ஆண்டவர் இன்னும் சுருக்கமாகச் சொல்லுகிறார்: கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பாயாக. கடிந்துகொள்ளும் வேலையைச் சபை செய்யாமல் விட்டுவிட்டு, மன்னிக்கும் வேலையை மட்டும் பறிகொடுத்தவர் தலையில் ஏற்றுகிறது.

அதே அதிகாரத்தில் வரும் பதினாயிரம் தாலந்து உவமையையும் நாம் சற்று அவசரமாகவே கடந்துபோகிறோம். அவ்வளவு பெரிய கடனை ராஜா தள்ளிவிட்ட பிறகும், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனை மன்னிக்காமல் சிறையில் போட்ட வேலைக்காரனின் கதை அது. ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலிக்காரனின் ஒருநாள் கூலி என்பது மத்தேயு 20இலேயே இருக்கிறது. ஆக, ராஜா தள்ளிவிட்ட கடன் ஆறு கோடி நாள் கூலி. அதோடு ஒப்பிட்டால் நூறு வெள்ளிப்பணம் அற்பம்தான் என்று பிரசங்கிமார் சிரிக்க வைப்பார்கள். ஆனால் நூறு நாள் கூலி என்பது ஒரு கூலிக் குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கும் மேலான சாப்பாடு. உனக்குச் செய்யப்பட்டது ஒன்றுமேயில்லை என்று ஆண்டவர் அந்த உவமையில் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கிற அளவுக்குப் பெரிய தொகையைத்தான் எழுதி வைத்திருக்கிறார். மேலும், அந்த இரு கடனாளிகளும் கடனை ஒப்புக்கொண்டு தவணை கேட்டவர்கள். வாங்கவேயில்லை என்று சாதித்தவர்களோ, வாங்கினதை வைத்துக்கொண்டு பாட்டுப் பாடினவர்களோ அல்லர்.

அப்படியானால் மனந்திரும்பாதவனை மன்னிக்கவே கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. சிலுவையில் அறைந்தவர்கள் கேட்காமலே அவர்களுக்காக மன்னிப்புக் கேட்டவர் நம் ஆண்டவர். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸ் தம் இரு சிறு மகன்களோடு எரித்துக் கொல்லப்பட்டபோது, அவருடைய மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையார் கொலைகாரர்களை மன்னிப்பதாக அறிவித்து, பாரிபதாவில் தொழுநோயாளிகள் நடுவே தம் ஊழியத்தைத் தொடர்ந்தார். அதே அம்மையார், மன்னிப்பு வேறு, சட்டம் குற்றத்துக்குக் கொடுக்கும் தண்டனை வேறு என்பதையும் தெளிவாகவே சொன்னார். வழக்கு நடந்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. அவர் கொடுத்தது அவரால் மட்டுமே கொடுக்கக்கூடியது. அதைப் பக்கத்தில் நின்று யாரேனும் அவரிடம் வசூலித்திருந்தால் அதன் பெயர் மன்னிப்பாக இருந்திருக்காது. தென்னந்தோப்பு அம்மாளும் நாளைக்கே தம் அண்ணனை மன்னித்துவிடக் கூடும், ஏற்கெனவே மன்னித்தும் இருக்கலாம். அது நமக்குத் தெரியாது. அண்ணன் ஒரு தானசெட்டில்மெண்ட் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து கொடுப்பது ஒரு பகல் வேலை என்பது மட்டும் ஊருக்கே தெரியும்.

உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவனைப் போர்முனையில் சாக வைத்த ராஜா தாவீதின் காரியம் இன்னும் கடினமானது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்தவனைப்பற்றித் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னபோது, அவன் நாலத்தனை திரும்பச் செலுத்த வேண்டும் என்று ராஜாவே தீர்ப்புச் சொன்னார். அந்த மனுஷன் நீயே என்ற பிறகு அந்தத் தீர்ப்பை எப்படி நிறைவேற்றுவது? உரியா போர்முனையில் செத்துக் கிடக்கிறான். 51ஆம் சங்கீதத்தில், தேவரீர் ஒருவருக்கே விரோதமாகப் பாவஞ்செய்தேன் என்று தாவீது பாடுகிறார். அந்த வரியை நான் பல ஆண்டுகள் சங்கடத்தோடுதான் வாசித்து வந்தேன். உரியாவுக்கு விரோதமாக இல்லையா என்று கேட்கத் தோன்றும். பாவத்தின் ஆழம் தேவன்வரைக்கும் போகிறது என்று உரையாசிரியர்கள் சொல்லும் விளக்கம் சரியானதே. ஆனால் அந்த வரியை எடுத்துக்கொண்டு, மனுஷனுக்குச் செய்ததைக் கர்த்தரோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றில் சாலொமோனின் தாய் பத்சேபாள் என்ற பெயரால் குறிக்கப்படவில்லை; உரியாவின் மனைவியாயிருந்தவள் என்றே எழுதப்பட்டிருக்கிறது. தாவீதுக்கு மன்னிப்புக் கிடைத்து ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன, மேசியாவே அந்த வம்சத்தில் பிறக்கிறார், அப்போதும் உரியாவின் பெயர் அந்தக் குடும்பக் கணக்கிலிருந்து அடிக்கப்படவில்லை.

செத்துப்போனவனுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்ற கேள்வியைப் பிரமாணமும் விட்டுவைக்கவில்லை. பெற்றுக்கொள்ள இனத்தான் ஒருவனும் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கு, ஆசாரியனைச் சேரும் என்று எண்ணாகமம் 5:8 சொல்லுகிறது. வாங்குவதற்கு ஆள் இல்லை என்பதால் கொடுக்கிறவன் தப்பிக்க முடியாது. லாஸ் காசாஸ் தம் விதிகளில் பிடித்துக்கொண்டதும் இந்த இழையைத்தான்: இழந்தவர்களுக்கு, அவர்கள் இல்லையென்றால் அவர்களுடைய வாரிசுகளுக்கு, அவர்களும் இல்லையென்றால் அந்த மக்களின் பொது நன்மைக்கு.

அவருக்கே அப்படி ஒரு கடன் இருந்தது. பூர்வகுடிகளின் பாடுகளைக் குறைக்கலாம் என்றெண்ணி, 1516இல் அரசாங்கத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் அடிமைகளை வேறிடத்திலிருந்து கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னவர் அவர். கறுப்பின அடிமைகளும் அதில் அடக்கம். ஆப்பிரிக்கர்கள் பிடிக்கப்பட்டதும் பூர்வகுடிகள் பிடிக்கப்பட்டதைப் போலவே அநியாயம் என்று பிற்காலத்தில்தான் உணர்ந்தார். இந்தியத் தீவுகளின் சரித்திரம் (அமெரிக்க நாடுகளை அன்று ஸ்பானியர் அப்படித்தான் அழைத்தார்கள்) என்ற தம் பெருநூலில் அதை மறைக்காமல் எழுதினார். அறியாமல் செய்தேன், நல்லெண்ணத்தோடு செய்தேன் என்பவை தேவனுடைய நியாயத்தீர்ப்பில் தமக்குச் சாக்காக நிற்குமா என்று தமக்கு நிச்சயமில்லை என்பதும் அதில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு அந்த நூலை வெளியிடக் கூடாது என்று சொல்லி வைத்தார். 1566இல் மத்ரித்தில் இறந்தார். நூல் அச்சேறியது 1875இல். பத்திர எழுத்தரை அழைத்து எழுதித் தீர்க்க முடியாத ஒன்றுக்கு, பேனாவைத் தாமே எடுத்துக் குற்றத்தைத் தம் பெயரில் பதிந்து வைத்ததைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. கிருபையை நம்பித்தான் அவர் செத்திருப்பார். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க முடியாது என்று தெரிந்தவனுக்குத்தான் கிருபையின் விலை தெரியும் என்றும் எனக்குப் படுகிறது. கொடுக்க முடிந்ததைக் கொடுக்காதவன் அந்த இடத்துக்கு வந்து சேருவதேயில்லை.

எங்கள் ஆலயத்தில் சாம்பற்புதன் ஆராதனையில் ஆண்டுதோறும் 51ஆம் சங்கீதம் வாசிக்கப்படும். அதோடு எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தின் நான்கு வசனங்களையும், ஐந்து முதல் எட்டு வரை, சேர்த்து வாசிக்கலாமே என்று சேகரக் குருவானவரிடம் கேட்டிருக்கிறேன். சேகரக் கமிட்டியில் இரண்டு பேருக்குச் சொத்து வழக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றார்.